நிலக்கரியா, நிலக்கீலா? ஒரு பெயரில் தோற்று, இன்னொரு பெயரில் வென்ற ‘கிருஷ்ணாயில்’ கெஸ்னர்

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி யாரிடமாவது கெரசினைக் காட்டி, இது என்னவென்று கேட்டுப் பாருங்கள். சீமெண்ணெய் என்பார். ரேஷன் கடையில் அதுவே மண்ணெண்ணெய். தெருவில் விற்றவர்கள் வாயில் கிருஷ்ணாயில். ஒரே திரவம், மூணு பேர். சீமையிலிருந்து கப்பலில் வந்ததால் ஒன்று, மண்ணுக்கு அடியிலிருந்து வந்ததால் இன்னொன்று. மூன்றாவதில் மட்டும் கிருஷ்ணர் எங்கிருந்து வந்தார்?

அவர் வரவே இல்லை. கெரசின் ஆயில் என்பதைத்தான் நம்ம ஊர் நாக்கு கிருஷ்ணாயில் ஆக்கிக்கொண்டது. அந்தக் கெரசின் என்ற சொல்லை உருவாக்கியவர் ஆபிரகாம் கெஸ்னர். கனடாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்த டாக்டர், புவியியலாளர், பல முறை கடனாளி ஆனவர். அவர் வைத்த பெயர் அட்லாண்டிக் கடலைத் தாண்டி தாமிரபரணிக் கரை வரைக்கும் வந்தது. ஆனால், அதே மனிதர் ஒரு கறுப்புக் கல்லுக்குச் சரியான பெயரைச் சொல்லியும் கோர்ட்டில் தோற்றுப்போனார். ஒரு கனிமத்தை என்ன பெயரிட்டு அழைக்கிறோம் என்பதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருடைய கதையைவிட நல்ல கதை கிடையாது.

குதிரை, கப்பல், கடன்

கெஸ்னர் பிறந்தது 1797 மே 2. ஊர், நோவா ஸ்கோஷியாவில் உள்ள கார்ன்வாலிஸ். அப்போது அது பிரிட்டிஷ் காலனி. விவசாயக் குடும்பம், பிள்ளைகள் நிறைய. இளம் வயதில் அவர் இறங்கிய முதல் தொழில் குதிரை வியாபாரம். மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களுக்குக் குதிரைகளைக் கப்பலில் ஏற்றி விற்கப் போனார். கப்பல் உடைந்தது, குதிரைகள் போயின, கடன் மட்டும் மிஞ்சியது.

1824-ல் ஹாரியட் வெப்ஸ்டரைத் திருமணம் செய்தார். மாமனார் கென்ட்வில் ஊரில் டாக்டர். மருமகனும் மருத்துவம் படிக்கட்டும் என்பது அவர் ஏற்பாடு. லண்டனுக்குப் போன கெஸ்னர் மருத்துவம் படித்தார். ஆனால், மனசு போனது புவியியல் பக்கம். அந்தக் காலத்து லண்டனில் புவியியல்தான் புதுசாகப் பேசப்பட்ட அறிவியல், இன்றைக்கு ஏ.ஐ. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பி பார்ஸ்பரோ என்ற கடலோர ஊரில் டாக்டராகத் தொழில் தொடங்கினார். நோயாளி வீட்டுக்குப் போகும்போது மருந்துப் பையோடு போவார், வரும்போது கல்லும் சேர்த்துக் கொண்டுவருவார். 1836-ல் நோவா ஸ்கோஷியாவின் புவியியல் பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார். 1838-ல் பக்கத்துக் காலனியான நியூ பிரன்ஸ்விக் அரசு அவரை மாகாணப் புவியியலாளராக நியமித்தது. எங்கே என்ன கனிமம் கிடைக்கிறது என்று காடு மேடெல்லாம் நடந்து அறிக்கை எழுதுவது வேலை.

இங்கே அவருடைய பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். கெஸ்னர் எதையும் கொஞ்சம் பெருசாகவே பார்ப்பவர். கிராண்ட் லேக் பகுதியின் நிலக்கரியைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு, எதிர்பார்த்த அளவுக்குக் கரி கிடைக்கவில்லை. அரசாங்கம் நிதியை நிறுத்தியது. இதற்கிடையே 1842-ல் செயின்ட் ஜான் நகரில், தான் சேர்த்த கற்களையும் விலங்குகளையும் பொதுமக்கள் பார்க்க ஒரு அருங்காட்சியகமாகத் திறந்தார். அதுவும் கடனில் முடிந்து, சேகரிப்பு கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. அந்தச் சேகரிப்பில் இருந்துதான் பிற்பாடு நியூ பிரன்ஸ்விக் மியூசியம் உருவானது என்பது வேறு கதை.

மெழுகு எண்ணெய்

அப்போது வீட்டில் விளக்கெரிக்க என்ன இருந்தது? அமெரிக்கா, ஐரோப்பாவில் பணக்காரர்களுக்குத் திமிங்கல எண்ணெய். அதன் விலை ஏறிக்கொண்டே போனது. மற்றவர்களுக்குக் கொழுப்பு மெழுகுவத்தி, அல்லது கேம்ஃபீன் என்று ஒரு மலிவு திரவம். அது சட்டென்று தீப்பிடிக்கும். நம்ம பக்கத்தில் இலுப்பை எண்ணெய், புன்னை எண்ணெய், ஆமணக்கு எண்ணெய். ஆமணக்கு எண்ணெய்க்கு இன்றைக்கும் விளக்கெண்ணெய் என்றுதான் பெயர், அதை ஊற்றி விளக்கேற்றுகிற வீடு எத்தனை இருக்கும்? உபயோகம் போனபிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

கெஸ்னர் கறுப்பான, எரியக்கூடிய பொருட்களைக் காற்றுப்புகாத பாத்திரத்தில் போட்டுக் காய்ச்சி, வரும் ஆவியைக் குளிரவைத்து எண்ணெயாக வடித்தார். சித்த மருத்துவர்கள் வாலை வைத்து வடிக்கிற அதே முறைதான். ஆரம்பத்தில் அவருக்குக் கைகொடுத்தது திரினிடாட் தீவின் நிலக்கீல். அங்கே சுமார் 100 ஏக்கர் பரப்பில், தார் நிரம்பிய ஒரு ஏரியே இருக்கிறது. தண்ணீர் அல்ல, நடந்து போகக்கூடிய அளவுக்கு இறுகிய இயற்கைத் தார். 1846-ல் சார்லட்டவுனில் பொதுமக்கள் முன்னால், தான் வடித்த எண்ணெயில் விளக்கை எரித்துக்காட்டினார்.

அந்த எண்ணெயோடு மெழுகு போன்ற பொருளும் வந்ததால், மெழுகைக் குறிக்கும் கேரோஸ் என்ற கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார். எண்ணெய்க்கான கிரேக்கச் சொல்லையும் சேர்த்து முதலில் ஒரு நீளமான பெயர் யோசித்தார். வாயில் நுழையவில்லை. ஏற்கெனவே கேம்ஃபீன் கடைகளில் பழகிய பெயர் என்பதால், அதன் வாலை வெட்டி ஒட்டி கெரசின் ஆக்கினார். இன்றைய பாஷையில் சொன்னால், சரியான பிராண்டிங்.

ஒரு கல், ரெண்டு பேர், ஒரு வழக்கு

1848-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியாக ஹாலிஃபாக்ஸுக்கு வந்தவர் டன்டொனால்ட் பிரபு தாமஸ் காக்ரேன். திரினிடாட் தார் ஏரியில் அவருக்குப் பங்கு இருந்தது. கெஸ்னரும் அவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். ஆனால், தீவிலிருந்து தாரைக் கப்பலில் கொண்டுவருவது செலவு. பக்கத்திலேயே ஏதாவது கிடைக்காதா என்று தேடியபோதுதான் நியூ பிரன்ஸ்விக்கின் ஆல்பர்ட் கவுண்டியில் அந்தக் கல் கண்ணில் பட்டது.

மை போலக் கறுப்பு. கண்ணாடி மாதிரி பளபளப்பு. உடைத்தால் கண்ணாடிச் சில்லு போலவே வளைந்து வளைந்து உடையும். கையில் எடுத்தால் எடை குறைவு, பற்றவைத்தால் நன்றாக எரியும். காய்ச்சினால் எண்ணெயும் எரிவாயுவும் ஏராளம். கெஸ்னர் பார்த்த மாத்திரத்தில் இது நிலக்கீல் என்றார். கீல் என்பது மரக்கலங்களின் இடுக்கில் தண்ணீர் புகாமல் பூசுகிற கறுப்புப் பிசின். மண்ணுக்கடியில் கிடைக்கும் அந்த வகைப் பொருள்தான் நிலக்கீல். அந்தப் பகுதியில் நிலக்கீல் எடுக்கும் உரிமையையும் அவர் வாங்கினார்.

சிக்கல் என்னவென்றால், அங்கே நிலத்தை மக்களுக்குக் கொடுக்கும்போது அரசு நிலக்கரியைத் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தது. நிலக்கரி எடுக்க அரசிடம் குத்தகை வாங்கியிருந்தவர் வில்லியம் கெய்ன்ஸ். அவர் சொன்னது, இது நிலக்கரி. அப்படியென்றால் கல் அவருக்கு. நிலக்கீல் என்றால் கெஸ்னருக்கு. தமிழில் எழுதிப் பார்த்தால் வித்தியாசம் கடைசி ரெண்டு எழுத்து. அங்கே அது ஒரு சுரங்கமே.

1852-ல் வழக்கு ஜூரி முன்னால் வந்தது. இரண்டு தரப்பும் வெளியூரிலிருந்து நிபுணர்களைக் கூட்டிவந்தன. பாஸ்டனின் பிரபல வேதியியலாளர் சார்லஸ் ஜாக்சன் போன்றவர்கள் இது நிலக்கீல் என்ற பக்கம். அவர்களுடைய வாதம் எளிமையானது. நிலக்கரி என்பது பழங்காலச் செடிகொடிகள் படிந்து, அழுந்தி உண்டானது. பாறை அடுக்குகளுக்கு நடுவே படுக்கையாக, பாய் விரித்த மாதிரி இருக்கும். இந்தக் கல்லோ பாறைப் பிளவுக்குள் புகுந்து அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு காலத்தில் இளகி ஓடிய பொருள் பிளவை நிரப்பி இறுகியிருந்தால்தான் அப்படி இருக்க முடியும்.

எதிர்த்தரப்பின் கேள்வியும் லேசுப்பட்டதல்ல. நிலக்கீல் என்றால் சூடுபடுத்தினால் உருக வேண்டுமே? ரோடு போடுகிற இடத்தில் தார் டின்னைச் சூடாக்குவதை நாமே பார்த்திருக்கிறோம். இந்தக் கல் ஒழுங்காக உருகவில்லை, தார் கரைகிற திரவங்களிலும் அவ்வளவாகக் கரையவில்லை. அப்புறம் எப்படி அது தார் இனம்?

ஜூரி தீர்ப்பு சொன்னது: நிலக்கரி. சுரங்கம் கெய்ன்ஸ் பக்கம் போனது. கெஸ்னர் வெறுங்கையோடு வெளியே வந்தார்.

அடுத்த வருஷமே ஸ்காட்லாந்தில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. டோர்பேன் ஹில் என்ற இடத்தில் கிடைத்த, எண்ணெய் நிறைந்த ஒரு கனிமம் குத்தகைப் பத்திரத்தில் சொன்ன நிலக்கரியில் சேருமா சேராதா என்பது கேள்வி. அறிவியலாளர்கள் இரண்டாகப் பிரிந்து மோதினார்கள். அங்கேயும் ஜூரி நிலக்கரி என்றது. இரண்டு இடத்திலும் ஒரு விஷயம் தெளிவாகிறது. கல் உண்மையில் என்ன என்பதைவிட, பத்திரத்தில் இருக்கும் சொல்லுக்குள் அது அடங்குமா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

சவுடு என்ற பெயரில்

இதெல்லாம் எங்கேயோ பனி தேசத்தில் நடந்த பழங்கதை என்று நினைத்தால், நம்ம தென்மாவட்டங்களுக்கு வாருங்கள். 2010 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு. ஆற்று மணலுக்குக் கெடுபிடி ஏறிய காலத்தில் தென்மாவட்டங்களில் அதிகம் காதில் விழுந்த சொல், சவுடு. சவுட்டு மண் எடுக்க அனுமதி என்று பெர்மிட் வாங்குவது, தோண்டி லாரியில் ஏற்றுவது மணல் என்று வழக்கு மேல் வழக்கு வந்தது.

2021 பிப்ரவரியில் மதுரைக் கிளை இதற்கு ஒரு முடிவு சொன்னது. சவுடு போன்ற பேச்சு வழக்குப் பெயர்களில் அனுமதி கொடுக்கக் கூடாது. அந்த மண்ணில் என்னென்ன கனிமம் இருக்கிறது என்று ஆய்வு செய்யாமல் குவாரி அனுமதி தரக் கூடாது என்றது. நியூ பிரன்ஸ்விக் ஜூரி செய்ததற்கு நேர் எதிர் வழி இது. முதலில் பொருள் என்னவென்று பார், அப்புறம் பெயரை எழுது. கெஸ்னருக்கு இப்படி ஒரு உத்தரவு கிடைத்திருந்தால் அவர் வாழ்க்கையே மாறியிருக்கலாம்.

சரி, கடைசியில் அந்தக் கல் என்ன?

இன்றைக்கு அதன் பெயர் ஆல்பர்டைட். கிடைத்த கவுண்டியின் பெயரோடு ஐட் சேர்ந்தது; கவுண்டிக்கே விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட்டின் பெயர். அது நிலக்கரி அல்ல என்பதில் இப்போது சந்தேகமே இல்லை. பாறைக்குள் உருவான எண்ணெய் பிளவுகளுக்குள் கசிந்து, காலப்போக்கில் இறுகிய பொருள். அதாவது கெஸ்னர் சொன்னதுதான் சரி.

ஆனால் அது ஏன் உருகவில்லை என்ற கேள்விக்குப் பதில் வரத் தாமதமானது. 1918-ல் அமெரிக்க வேதியியலாளர் ஹெர்பர்ட் ஆபிரகாம் (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்) நிலக்கீல் வகைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் வழியில் இன்றும் இந்தக் குடும்பத்தைப் பிரிப்பது இரண்டு சோதனைகளை வைத்துத்தான். சூடாக்கினால் உருகுகிறதா? கார்பன் டைசல்பைடு என்ற திரவத்தில் கரைகிறதா? இரண்டும் ஆம் என்றால் ஒரு கூட்டம். திரினிடாட் தார், அமெரிக்காவின் யூட்டாவில் கிடைக்கும் கில்சனைட் எல்லாம் அதில். உருகாது, பெரிதாகக் கரையாது என்றால் இன்னொரு கூட்டம், ஆல்பர்டைட் அதில். கோர்ட்டில் இரண்டு தரப்பும் பாதி உண்மையைத்தான் கையில் வைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்து வைக்கும் டப்பா அப்போது யாரிடமும் இல்லை.

இந்தக் குடும்பத்துப் பெயர்களைப் பார்த்தாலே ஒரு தமாஷ். கில்சனைட் என்பது அதைச் சந்தைப்படுத்திய சாமுவேல் கில்சன் பெயர். அதே பொருளுக்கு வில்லியம் பிளேக் என்ற நிபுணர் 1885-ல் யூன்டாஐட் என்று, கிடைத்த இடத்தை வைத்துப் பெயர் சூட்டியிருந்தார். புழக்கத்தில் நின்றது வியாபாரியின் பெயர்தான். மேற்கு வர்ஜீனியாவில் கிடைத்ததற்கு ஹென்றி வர்ட்ஸ் என்பவர் கிரஹாமைட் என்று பெயர் வைத்தார். பிற்பாடு வேறொன்றுக்கு வர்ட்ஸ் பெயரையே வைத்து வர்ட்சிலைட் ஆக்கினார் அதே பிளேக். இவ்வளவு பெயர் இருந்தும், கறாராகப் பார்த்தால் இவை எதுவும் கனிமம் கிடையாது. கனிமம் என்றால் நிலையான வேதி அமைப்பும் படிக ஒழுங்கும் வேண்டும். இவை கலவைகள். ஐட் என்ற வால் மட்டும் கனிமத்தினுடையது.

பெயருக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லாமல் போவது நம்ம பக்கமும் உண்டு. திருநெல்வேலிக்கு மேற்கே இருக்கும் மலைத்தொடரில் காணப்படும் முக்கியமான பாறை வகைகளில் ஒன்று சார்னோகைட். பல்லாவரம், பரங்கிமலை பக்கமும் அதுதான். ஆனால் பெயர், கொல்கத்தாவில் புதைக்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கினுடையது. அவருடைய கல்லறைக் கல் இந்தப் பாறைதான் என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அப்படிப் பெயர் சூட்டிவிட்டார். பாறை நம்ம ஊர்க்காரர், இன்ஷியல் மட்டும் வேற.

நியூயார்க்கில் ஜெயித்தார், ஆனால்...

வழக்கில் தோற்ற கெஸ்னர் 1853-ல் குடும்பத்தோடு நியூயார்க் போனார். அங்கே முதலீட்டாளர்கள் கிடைத்தார்கள். 1854 ஜூன் 27 அன்று அவருக்கு மூன்று காப்புரிமைகள் வந்தன. கெரசின் ஏ, பி, சி என்று மூன்று தரம். இதில் சி-தான் விளக்குக்கு. வடித்த எண்ணெயைக் கந்தக அமிலத்தால் கழுவி, சுண்ணாம்பு சேர்த்து, மறுபடியும் வடிப்பது அவர் முறை. நாற்றமும் புகையும் குறைந்தன. நியூடவுன் கிரீக் ஓரத்தில் ஆலை எழுந்தது. கெரசின் என்பது அப்போது பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர். கண்டவர்கள் பயன்படுத்த முடியாது.

ஆனால் காப்புரிமை கம்பெனிக்குச் சொந்தம். கெஸ்னர் அங்கே சம்பளம் வாங்கும் வேதியியலாளர் மட்டுமே. ஸ்டார்ட்-அப்பில் பங்கு வாங்காமல் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும். போதாக்குறைக்கு, நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறைக்கு ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங் 1852-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார். கம்பெனி அவருக்கு ராயல்டி கட்ட வேண்டி வந்தது. கொஞ்ச காலத்தில் கெஸ்னர் இடத்தில் லூதர் அட்வுட் என்ற வேறொரு வேதியியலாளர் உட்கார்ந்தார்.

கெஸ்னர்தான் முதல் ஆளா என்பதிலும் தகராறு உண்டு. போலந்துக்காரர்கள் 1853-லேயே மருத்துவமனையில் பெட்ரோலிய விளக்கு ஏற்றிய இக்னாசி உகாசியேவிச்சைச் சொல்வார்கள். எண்ணெயைப் பலர் வடித்தார்கள், உலகம் முழுக்க நின்ற பெயரை வைத்தது கெஸ்னர் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

1859 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் வந்தது. கல்லை உடைத்து, காய்ச்சி, வடித்துக் கஷ்டப்பட வேண்டியதில்லை. நிலத்திலிருந்தே திரவமாகக் கிடைக்கிறது. சில வருஷங்களில் கரியையும் நிலக்கீலையும் நம்பியிருந்த ஆலைகள் பெட்ரோலியத்துக்கு மாறிவிட்டன. வடிக்கும் முறை ஏறக்குறைய அதேதான், பெயரும் அதேதான். மூலப்பொருள் மட்டும் மாறியது. மெழுகை நினைத்து வைத்த அந்தப் பெயரோடுதான் எண்ணெய் டின் டின்னாகக் கப்பலேறிக் கீழ்த்திசைக்கும் வந்தது.

1861-ல் கெஸ்னர், நிலக்கரி, பெட்ரோலியம் உள்ளிட்டவற்றிலிருந்து எண்ணெய் வடிப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். தன் தொழிலை முடித்துவைத்த பெட்ரோலியத்துக்கும் அதில் இடம் கொடுத்தார். 1863-ல் ஹாலிஃபாக்ஸ் திரும்பினார். டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி தேடி வந்தது. அதை ஏற்கும் முன்பே, 1864 ஏப்ரல் 29 அன்று இறந்தார். வயது 66.

கேம்ப் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல் ஒன்றும் நீண்ட காலம் இல்லை. 1933-ல்தான் ஒரு நினைவுக்கல் வந்தது. அதை நிறுத்தியது இம்பீரியல் ஆயில் என்ற பெட்ரோலிய கம்பெனி.